வாய்வழி உறவுக்குப் பின் டெஸ்ட்: உடனேயா, பொறுத்தா, வேண்டாமா?

"எல்லாமே நெகட்டிவ்டி" என்று மொபைலை என் கையில் கொடுத்தாள் தோழி. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஆணுறை இல்லாமல், வாய்வழி உறவு மட்டும் நடந்திருந்தது. மறுநாளே ஒரு தனியார் லேபில் 'முழு பேக்கேஜ்' என்று ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தேன். எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். (சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை), ஹெபடைடிஸ் பி இருந்தன. சிறுநீரில் கொனோரியா, கிளமிடியா என்ற இரண்டு பால்வினைத் தொற்றுகளைப் பார்த்திருந்தார்கள். தொண்டையைப் பற்றி ஒரு வரி இல்லை. தொற்று வந்திருந்தால் அது போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய இடமோ அவள் தொண்டை.

அவள் முன்னால் இருந்த வழிகள் நான்கு. அப்படியே விட்டுவிடுவது, உடனே டெஸ்ட் எடுப்பது, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவது, நாள் பார்த்துச் சரியான டெஸ்ட் எடுப்பது.

விட்டுவிடலாம் என்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நம் ஊரில் பால்வினை நோய் என்றாலே எச்.ஐ.வி. பயம்தான். வாய்வழி உறவில் அது பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, எச்சிலால் பரவவே பரவாது. ஆனால் வெட்டை என்று நம் பெரியவர்கள் சொன்ன கொனோரியாவும், கிரந்தி எனப்பட்ட சிபிலிஸும் வாய் வழியாக நன்றாகவே தொற்றும். தொண்டையில் இருக்கும் கொனோரியா பெரும்பாலும் வலிக்காது, மிஞ்சிப் போனால் சாதாரணத் தொண்டைக் கரகரப்பு மாதிரி இருக்கும். சிபிலிஸ் புண்ணும் வலிக்காது. சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும், நோய் மட்டும் உள்ளேயே தங்கிவிடும். 'ஒன்றும் தெரியவில்லையே' என்பதை நம்பி விட்டுவிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

உடனே டெஸ்ட் எடுப்பதில் வேறு சிக்கல். ரத்தத்தில் தடயம் தெரிய நாளாகும். உறவு நடந்த நாளிலிருந்து, லேபில் எடுக்கும் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. டெஸ்ட்டுக்கு 45 நாள் கணக்கு, விரலில் குத்தி எடுக்கும் ஆன்டிபாடி டெஸ்ட் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருளைத் தேடுவது) என்றால் மூன்று மாதம். சிபிலிஸுக்கு ஆறு வாரத்தில் ஒரு முறை, மூன்று மாதத்தில் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. மறுநாள் எடுத்த நெகட்டிவ், அந்த உறவுக்கு முன்னால் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதைத்தான் சொல்லும். சில பேக்கேஜ்களில், கொப்புளமும் புண்ணும் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கான ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துவிடுவார்கள். முதல் வகை ஹெர்பிஸ் நம்மில் பலருக்குச் சின்ன வயதிலேயே தொற்றியிருக்கும். புண் எதுவும் இல்லாதவர் அந்த ரிசல்ட்டைப் பார்த்தால் வீண் கலக்கம்தான் மிச்சம்.

ஒரு சூழ்நிலையில் உடனே ஓட வேண்டும். துணைக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியும், அவர் சிகிச்சையில் இல்லை, உங்கள் வாயில் புண்ணோ ரத்தக் கசிவோ இருந்தது என்றால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்று அவர் முடிவு செய்வார். தேவையென்றால் 28 நாள் போட வேண்டும். துணை ஒழுங்காக மாத்திரை எடுத்து, வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருந்தால் அவரிடமிருந்து உறவின் மூலம் எச்.ஐ.வி. பரவாது.

மூன்றாவது வழி எனக்கு அறவே பிடிக்காது. மெடிக்கலில் அசித்ரோமைசின் வாங்கி இரண்டு நாள் போடுவது, பஸ் ஸ்டாண்ட் சுவரொட்டியைப் பார்த்து லாட்ஜ் வைத்தியரிடம் போவது எல்லாம் இதில் அடக்கம். கொனோரியாக் கிருமி பல மருந்துகளுக்கு அடங்காமல் போய்விட்டது. அரைகுறை மருந்து நோயைத் தீர்க்காது, டெஸ்ட்டையும் குழப்பிவிடும்.

ஆக, நான் சொல்வது நான்காவது வழி. அதிலும் எந்த நாள் என்பதோடு எந்த இடம் என்பதும் முக்கியம். வாயால் செய்தவருக்குத் தொண்டையில் ஸ்வாப், அதாவது பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுக்கும் மாதிரி. யாருக்குச் செய்தார்களோ அவர் ஆணென்றால் சிறுநீர், பெண்ணென்றால் பிறப்புறுப்பு ஸ்வாப். நாமாகக் கேட்காவிட்டால் தொண்டை ஸ்வாப் எடுக்க மாட்டார்கள், எல்லா லேபிலும் அந்த வசதியும் கிடையாது. முதலிலேயே போன் செய்து, "தொண்டை ஸ்வாபில் கொனோரியா நாட் டெஸ்ட் செய்வீர்களா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். நாட் என்பது கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்.

அரசு மருத்துவமனையா தனியாரா என்றால், தமிழ்நாட்டில் எச்.ஐ.வி.க்கு நம்பிக்கை மையமும் மற்ற பால்வினை நோய்களுக்குச் சுகவாழ்வு மையமும் இருக்கின்றன. இரண்டும் இலவசம், உட்கார வைத்துப் பேச ஆலோசகரும் இருப்பார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று என் தோழி அஞ்சியதும் நியாயம்தான். ஆனால் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. டெஸ்ட் செய்வதையும், முடிவை வெளியே சொல்வதையும் 2017-ல் வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். தனியாரில் கூட்டம் குறைவு, தொண்டை ஸ்வாப் கிடைக்க வாய்ப்பு அதிகம், செலவும் அதிகம். ரத்தத்துக்கு அரசு, ஸ்வாபுக்குத் தனியார் என்று பிரித்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தோழியும் அப்படித்தான் செய்தாள்.

உறவு நடந்து இரண்டு வாரம் கழித்து ஸ்வாபுக்குப் போனோம். நீளமான பஞ்சுக் குச்சியை அடிநாக்கைத் தாண்டி, டான்சில் பக்கம் தேய்த்து எடுத்தார்கள். ஒரு குமட்டல், அவ்வளவுதான், பத்து வினாடிகூட ஆகவில்லை. கொனோரியா பாசிட்டிவ் என்று வந்தது. ஊசி ஒன்று போட்டார்கள். தொண்டைத் தொற்று சில சமயம் போகாமல் நிற்கும் என்பதால் இரண்டு வாரத்தில் மறுபடி ஸ்வாப் எடுத்தார்கள், இம்முறை நெகட்டிவ்.

அவளுக்குக் கஷ்டமாக இருந்தது அந்த ஆளுக்குப் போன் செய்ததுதான். மூன்று நாள் தள்ளிப் போட்டாள். கடைசியில் என் பக்கத்தில் உட்கார்ந்தபடி, "எனக்கு டெஸ்டில் வந்திருக்கு, நீங்களும் போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எங்கே போகணும்?" என்று கேட்டார்.

அவளுடைய மூன்று மாத ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அன்றைக்கும் நான் கூடப் போகிறேன்.