கார்பன்-14, ஆர்கான்: புதைபடிவத்தின் வயதுக்கு எந்த முறை?

தோண்டி எடுத்த எலும்பை எந்தச் சோதனைக்கு அனுப்புவது என்று குழம்புவோருக்கு:

வயது எல்லை
கார்பன்-14: அரை ஆயுள் (இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம்) 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்கும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது.
ஆர்கான்: பாறையிலுள்ள பொட்டாசியம்-40 மெல்லச் சிதைந்து ஆர்கான் வாயுவாகும். பொட்டாசியம்-40இன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டுகள். டைனோசர் காலத்துக்கும் தாராளம்.

எதை அளக்கிறோம்
கார்பன்: எலும்பின் புரதமான கொலாஜனையே. பொதுவாக ஒரு கிராமுக்குள் எலும்பு போதும்.
ஆர்கான்: எலும்பைத் தொடுவதே இல்லை. மேலும் கீழும் படிந்த எரிமலைச் சாம்பலில் உள்ள, பொட்டாசியம் கொண்ட சானிடின் என்ற கனிமத்தின் படிகங்களைத்தான். எத்தியோப்பியாவின் ஹடாரில் 1974இல் கிடைத்த லூசி என்ற ஆதி மனித இன எலும்புக்கூட்டுக்குச் சற்றுக் கீழே இருந்த சாம்பலின் வயது சுமார் 31.8 லட்சம் ஆண்டு. லூசி அதைவிடக் கொஞ்சம் இளையவள். இந்த நேர்மையான சுற்றுவழிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

எங்கே தவறும்
கார்பன்: மிகப் பழைய எலும்பில் 1 சதவீதம் புதுக் கார்பன் கலந்தாலே 37,000 ஆண்டு என்று பொய் வயது வரும். வேர், மண்ணின் ஹியூமிக் அமிலம், பாதுகாக்கப் பூசும் பசை எல்லாமே எதிரிகள். மாதிரி எடுக்கும் இடத்தில் பசை தடவவே கூடாது.
ஆர்கான்: பழைய படிகம் கலந்தால் வயது கூடும், சிதைந்த படிகத்தில் ஆர்கான் கசிந்து குறையும். படிகங்களை ஒவ்வொன்றாக லேசரால் உருக்கி அளந்தால் மற்றவற்றோடு பொருந்தாதது தனியே தெரிந்துவிடும்.

காத்திருப்பு
ஆர்கான் மாதிரியை முதலில் அணு உலையில் வைத்து நியூட்ரான் பாய்ச்ச வேண்டும், தாமதமாகும்.

மாமூத், அடுப்புக்கரி, கடைசி நியாண்டர்தால்கள் என்றால் கார்பன். கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு என்றால் ஆர்கான். சாம்பலே இல்லாத பழைய சுண்ணாம்புக் குகைக்கு இரண்டும் உதவாது. அங்கே நீர் கசிந்து உருவான சுண்ணாம்புப் படிவுகளில் யுரேனியம்-தோரியம் என்ற வேறு காலக்கணிப்பு முறையைப் பாருங்கள்.