உறுதிமொழித் தாளா, பாதுகாப்புத் திட்டமா?

தற்கொலை எண்ணத்தோடு வருபவரிடம், “அடுத்த சந்திப்பு வரை என் உயிருக்குத் தீங்கு செய்துகொள்ள மாட்டேன்” என்று உறுதிமொழி எழுதி வாங்குவது ஆலோசகர்களின் பழைய வழக்கம். இதற்கு மாற்றாக நிற்பது, அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரௌனும் வடிவமைத்த பாதுகாப்புத் திட்டம்: நெருக்கடி வந்தால் என்னென்ன செய்வது என்று வந்தவரோடு சேர்ந்து படிப்படியாக எழுதிவைக்கும் தாள். நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன். அதனால் இதில் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

நேரம் என்று பார்த்தால் உறுதிமொழிக்கே வெற்றி. சில நிமிடங்களில் முடிந்துவிடும். திட்டம் எழுத இருபது முதல் நாற்பத்தைந்து நிமிடங்கள் வேண்டும்.

1973இல் அமெரிக்க உளசிகிச்சையாளர்களான டிரையும் கோல்டிங் தம்பதியும் உறுதிமொழியை முன்வைத்தபோது அதன் நோக்கமே வேறு. அந்த வாக்கியத்தை வந்தவர் தமக்குத்தாமே சொல்லிப் பார்க்க வேண்டும். எங்கே தயங்குகிறார், எங்கே ‘ஆனால்’ போடுகிறார் என்று கவனித்து ஆபத்தை எடைபோட வேண்டும். நல்ல யோசனைதான். போகப்போக அது கையெழுத்துச் சடங்காகிவிட்டது.

என்னை மாற வைத்தது ஒரே கேள்வி: சொன்னபடி நடக்காமல் போனால் அடுத்த சந்திப்பில் என்ன ஆகும்? உறுதிமொழி கொடுத்தவருக்கு அது வாக்குத் தவறல். ஏற்கெனவே குற்ற உணர்வில் புழுங்குபவர் தலையில் இன்னொரு குற்றம். ஒன்று, வரவே மாட்டார். இல்லையென்றால் வந்து, “நன்றாக இருக்கிறேன்” என்பார். நாம் கேட்டே ஆக வேண்டிய சேதி அங்கேயே புதைந்துவிடும்.

திட்டம் பலிக்காவிட்டால் பழி தாளின் மேல் விழும், ஆளின் மேல் அல்ல. அதில் ஆறு படிகள்: நெருக்கடியின் முன்னறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடியவை, கவனத்தைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், தொழில்முறை உதவி எண்கள், ஆபத்தான பொருட்களைக் கைக்கெட்டாமல் வைப்பது. “அண்ணனைக் கூப்பிட்டேன், அவர் எடுக்கவில்லை” என்று சொல்ல யாரும் கூச மாட்டார்கள். அந்த வரியை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதுவோம். இப்படித் திருத்தாத திட்டமும் வெறும் தாள்தான்.

ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. 97 ராணுவ வீரர்களை வைத்து 2017இல் வெளியான ஆய்வொன்று, இதே பாணியிலான நெருக்கடித் திட்டத்தை உறுதிமொழியோடு நேரடியாக ஒப்பிட்டது. ஆறு மாதங்களில் திட்டக் குழுவில் தற்கொலை முயற்சிகள் 76 விழுக்காடு குறைவு. சிறிய ஆய்வு, அதுவும் ராணுவத்துக்குள் மட்டும். 2018இல் வந்த பெரிய ஆய்வில் திட்டத்தோடு தொடர் தொலைபேசி விசாரிப்பும் சேர்ந்தே இருந்தது. பலனில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பதின்வயதினரோடு எனக்குப் பழக்கம் குறைவு. வீட்டுப் பெரியவர்களைச் சேர்க்காமல் அவர்களுக்குத் திட்டம் எழுதுவதில் பயனிருக்காது என்பது என் ஊகம். போதையிலோ மனப்பிறழ்விலோ இருப்பவரோடும், இப்போதே முயலும் நிலையில் இருப்பவரோடும் தாளே எடுக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும்.