மூன்று வருஷக் கேமராவும் ஒரு ‘ட’வும்

நான் பல் டாக்டர். போன வாரம் ஜூனியர் ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: “அக்கா, நீங்க வச்சிருக்கற இன்ட்ராஓரல் கேமரா விலை நல்லா இறங்கியிருக்கு. வாங்கலாமா?” வாய்க்குள் விட்டுப் பல்லைத் திரையில் காட்டுகிற சின்னக் கேமரா அது. அன்றைக்குத்தான் என்னுடையது கேபிள் மாற்றி ரிப்பேரிலிருந்து திரும்பி வந்திருந்தது. அதன்மேல் கடுப்பில் இருந்தேன். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். வெளிச்சம் அருமை. கடைசிப் பல்லின் பின்பக்கம்கூடப் பளிச்சென்று தெரியும். “அது சொத்தை இல்லீங்க, வெத்தலைக் கறை” என்று சாதிக்கிற பெரியவர்கள், திரையில் ஓட்டையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிறார்கள் (திறக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது). இரண்டு முறை கீழே விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை. கேபிள் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் மடங்கி மடங்கி விட்டுப்போனது. எல்லாக் கேபிளும் அங்கேதான் போகும், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

என் சண்டையெல்லாம் படம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதில்தான். கீழ்த்தாடையை எடுக்கும்போது முன்பற்கள் கீழே, கடைவாய்ப்பற்கள் மேலே, நோயாளியின் இடது பக்கம் திரையின் வலதில். பற்களை வரைந்து குறித்துவைக்கிற பல் சார்ட்டில் இருப்பதுபோலவே. மேல்தாடைக்குக் கேமராவைக் கவிழ்த்துப் பிடிக்கிறோம், படம் தலைகீழாகிவிடும். விற்றவர் “ஆட்டோ ரொட்டேட் இருக்கு மேடம்” என்றார். ஃபோனை மேசைமேல் மல்லாக்க வைத்துச் சுற்றிப் பாருங்கள், திரை எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் முழிக்கும். புவியீர்ப்பை வைத்து மேல்கீழ் கண்டுபிடிக்கிற சென்சாருக்கு, லென்ஸ் நேராக மேலேயோ கீழேயோ பார்த்தால் பிடிமானமே கிடையாது. நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் பல்லின் கடிபரப்பை எடுக்க லென்ஸ் அப்படித்தான் பார்க்க வேண்டும். சேரைச் சாய்த்தால், சாய்த்த கோணத்துக்கு ஏற்றபடி அது ஒரு முடிவு எடுக்கும். முதல் வாரமே அணைத்துவிட்டேன்.

மென்பொருளில் ‘ஃப்ளிப்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன், மேல் முன்பற்கள் மேலே வந்தன. அதோடு விட்டுவிட்டேன். இரண்டு வருஷம்.

பிறகு ஒருநாள் ஒரு மேல் கடைவாய்ப்பல்லின் படத்தை ரூட் கெனால் செய்கிற நண்பருக்கு அனுப்பினேன். கோப்பின் பெயர் அந்தப் பல்லின் எண்: 16, அதாவது மேல் வலது. அதே பல் மேல் இடதில் இருந்தால் 26. “பெயர் 16, படம் 26 மாதிரி இருக்கே, எந்தப் பல்?” என்று போன் பண்ணினார். எனக்கு வியர்த்துவிட்டது. எக்ஸ்ரேயும் நோயாளியின் வலியும் வலது பக்கம்தான் என்று காட்டியதால் தப்பித்தோம். 16-ஐக் கண்ணாடியில் பார்த்தால் 26-தான். அந்தப் பல்லின் மேல் சாய்வாக ஓடும் மேடு அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பிவிடும், வேறு பல் என்றே தோன்றும். எனக்கு ஏன் உறுத்தவில்லை என்றால், மேல்பற்களை நாங்கள் நாள் முழுக்க மவுத் மிரரில்தான் பார்க்கிறோம். கண் பழகிவிட்டது.

சோதித்துப் பார்க்க ஒரு தாளில் ‘ப’ என்று எழுதிக் கேமராவின் கீழே வைத்தேன். ஃப்ளிப் அழுத்தினால் அழகாகக் கவிழ்ந்தது. 180 டிகிரி சுற்றினாலும் ‘ப’ அப்படித்தான் கவிழும், இடமும் வலமும் ஒன்றுதானே! அசட்டுத்தனம். அடுத்து ‘ட’ எழுதினேன். சுற்றியிருந்தால் கீழ்க்கோடு மேலே போய் இடப்பக்கம் நீண்டிருக்க வேண்டும். இங்கே மேலே போயும் வலப்பக்கமே நீண்டது. ஆக அது சுழற்றல் இல்லை, கண்ணாடிப் பிம்பம். படக் கோப்புக்குள்ளேயே பதிவாகும் எக்சிஃப் குறியீட்டில்கூட இரண்டுக்கும் தனித்தனி எண்: 180 டிகிரி சுழற்றலுக்கு 3, மேல்கீழ்ப் பிம்பத்துக்கு 4. கண்ணாடி வைத்து எடுக்கிற படத்துக்கு அந்த ஃப்ளிப் சரி. இந்தக் கேமரா பல்லை நேராகப் பார்க்கிறது.

மருந்து அதே மெனுவில் இருந்தது. ஃப்ளிப்போடு ‘மிரர்’ என்பதையும் டிக் செய்தால், இரண்டும் சேர்ந்து சரியான 180 டிகிரி. ஒரு பைசா செலவில்லை. ஆனால் கையேட்டில் ஒரு வரி கிடையாது. சர்வீஸுக்குப் போன் பண்ணி விளக்கினால், “படம் நேராத்தானே மேடம் தெரியுது?” என்றார்கள். ‘ட’ கதையை மூன்று முறை சொன்னேன். கேபிள் மாற்றியவர்கள் மென்பொருளையும் புதிதாகப் போட்டு, நான் போட்ட டிக் இரண்டையும் எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். திரும்பவும் முதலிலிருந்து.

இப்போது டிரேயின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர், அதில் ‘ட’. காலையில் கேமராவுக்கு உறை மாட்டியதும் உதவிக்கு இருக்கிற பெண் அதைத்தான் முதல் படமாக எடுக்கிறாள். அவளுக்கு இது நான் சாமி கும்பிடுகிற மாதிரி ஏதோ ஒன்று.

ஜூனியருக்குப் பதில்: வாங்காதே, இந்த விலைக்கும் வேண்டாம். இடம் வலம் தெரியாதவர்கள் செய்த மென்பொருள். கேபிள் மாற்றிய பிறகு படம் முன்பைவிடத் தெளிவு, அது வேறு விஷயம். இந்தக் கேமராவை அவளுக்கே கொடுத்துவிடலாமே என்று வீட்டில் கேட்டார்கள். கொடுப்பதாக இல்லை.