பியர் டேட்டாபேஸ்: சும்மா கிடைக்குது, ஆனா கண்ண மூடிட்டு அள்ளப்போடாது

மட்டக்களப்புல இரிந்துகொண்டு ஒரு பில்டிங்குக்கு டைம் ஹிஸ்டரி அனாலிசிஸ் (நிலநடுக்க ரெக்கோட் ஒண்டக் குடுத்து பில்டிங் நேரத்தோட எப்பிடி ஆடுது எண்டு கணக்குப் பார்க்கிறது) செய்யணும் எண்டா, நிலநடுக்க ரெக்கோட் எடுக்க பியர் டேட்டாபேஸ விட நல்ல இடம் எனக்குத் தெரியல்ல. இது கலிபோர்னியா பெர்க்லி யூனிவர்சிட்டில இரிக்கிற பியர் (PEER) எண்ட நிலநடுக்கப் பொறியியல் ஆராய்ச்சி சென்டர்ட சைட், ஈமெயில் குடுத்து அக்கவுண்ட் திறந்தா போதும், காசில்ல. அதுல இரிக்கிற என்ஜிஏ வெஸ்ட் 2 எண்ட தொகுப்புக்குள்ள மட்டும் 21,000க்கு மேல ரெக்கோட் கிடக்கு, 1940 எல் சென்ட்ரோ, 1994 நோர்த்ரிட்ஜ், 1995 கோபே, 1999 சிச்சி எண்டு பேர்போன எல்லாம்.

தேடுறது லேசு. மக்னிடியூட், ஃபோல்ட்ல (நிலம் வெடிச்சு நகர்ற கோடு) இருந்து தூரம், விஎஸ்30 குடுத்து உங்கட டிசைன் ஸ்பெக்ட்ரத்தையும் (எந்த ஆட்டத்துக்கு பில்டிங் தாங்கணும் எண்டு காட்டுற வளைகோடு) ஏத்தினா ஒத்துப்போறதுகள வரிசையாத் தரும். விஎஸ்30 எண்டா மேல் 30 மீட்டர் மண்ணுல ஷியர் வேவ் போற வேகம், கல்லடிப் பக்கம் கடற்கர மணலுக்கு வேல எண்டா பாறைக்குரிய செக்கனுக்கு 800 மீட்டர போட்டுட்டு இரிக்காதீங்க, மண்ணத் துளைச்சுப் பார்த்த போர்ஹோல் ரிப்போர்ட்ட பார்த்துப் போடுங்க.

வில்லங்கம் ரிசல்ட்லதான். மேல வாற ஏழு ரெக்கோட்டையும் அப்பிடியே எடுத்து ரிப்போர்ட்டுல ஒட்டுற ஆக்கள் இரிக்காங்க. பார்த்தா நாலு சிச்சி, ஒரே நிலநடுக்கம் வேற வேற ஸ்டேஷன், ஸ்கேல் ஃபக்டரும் (ரெக்கோட்ட ஸ்பெக்ட்ரத்துக்கு ஒத்துவர எத்தினையால பெருக்கணும் எண்ட எண்) ஆறு ஏழு எண்டு நிக்கும், சின்னக் குலுக்கத்த ஏழால பெருக்கினா அது பெரிய நிலநடுக்கமாகாது, அதிர்வு நீடிக்கிற நேரமே வேற. ரிசல்ட்டுகள்ட சராசரி எடுக்கிறதெண்டா ஐரோப்பிய விதி யூரோகோட் 8க்கு ஏழு ரெக்கோட்டாவது வேணும், அமெரிக்க விதி ஏஎஸ்சிஇ 7-16 எண்டா 11.

இன்னொண்டு, டவுன்லோட் ஆகிற ஏடி2 (நிலத்துட முடுக்கம் இரிக்கிற) ஃபைல் ஸ்கேல் பண்ணாத ஒரிஜினல். ஃபக்டர் கூட வாற சிஎஸ்விக்குள்ள தனியாக் கிடக்கு, நீங்கதான் பெருக்கணும். முதல் நாலு வரி தலைப்பு, அதுக்குக் கீழ எண் எல்லாம் ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) யூனிட்ல, சொஃப்ட்வெயார் மீட்டர்/செக்கன்² எண்டு கேட்டா 9.81ஆல பெருக்காம விட்டீங்க எண்டா பில்டிங் அசையவே அசையாது, பொடியனுகள் அதப் பார்த்து டிசைன் பாஸ் எண்டு சந்தோசப்படுவாங்க.

பெரிய குறை நம்மட ஊருக்குத்தான். வெஸ்ட் 2ல இரிக்கிறது அடிக்கடி குலுங்குற இடங்கள்ட, ஆழமில்லாத நிலநடுக்கங்கள்ட ரெக்கோட். இலங்க நிலத்தட்டுட விளிம்புல இல்லாம நடுவுல இரிக்கு, அதுக்குக் கிட்ட வாறது அமைதியான கிழக்கு, மத்திய வட அமெரிக்காட ரெக்கோட் இரிக்கிற என்ஜிஏ ஈஸ்ட் தொகுப்பு. 2004 சுமாத்ரா மாதிரி வேணுமெண்டு மக்னிடியூட் 9 போட்டுத் தேடினா வெஸ்ட் 2ல வராது, அது சப்டக்ஷன் (ஒரு தட்டு இன்னொண்டுக்குக் கீழ போற இடத்து நிலநடுக்கம்), அதுக்கு வேற டேட்டாபேஸ்.

அஞ்சுக்கு நாலு குடுப்பன். டவுன்லோடுக்கு லிமிட் வச்சிரிக்காங்க, அதால ரிப்போர்ட் குடுக்கிற கிழமைக்கு முதலே எடுத்து வைங்க.