நிக்கான் எஃப்3: 17 வருடமும் ஒரு குட்டிப் பொத்தானும்

அக்கா மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "மாமா, எஃப்3 ஒண்ணு 1,600 வெள்ளிக்கு வருது. பாடி சுத்தமா இருக்கு. எடுக்கலாமா?" அப்போது நான் கோலாலம்பூர் புடுவில், கேமரா பழுது பார்க்கும் கடை முதலாளி தௌக்கேயின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். என்னுடைய எஃப்3 அவர் முன்னால் திறந்து கிடந்தது. உள்ளே கண்ணாடி எழும்பி மோதும் இடத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சு, நம் ஊர் வெக்கையில் தார் மாதிரி உருகி வழிந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் புதுசு வைக்க 280 வெள்ளி கேட்டார், கொடுத்தேன். அவனுக்கு மட்டும் உடனே பதில் எழுத மனம் வரவில்லை.

ஷட்டர் வேகம் எத்தனை, எந்த லென்ஸ் பொருந்தும் என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். யூடியூபில் பார்த்திருப்பான். நான் சொல்ல வேண்டியது 17 வருடம் கையில் வைத்திருந்தவனுக்கு மட்டும் தெரிகிற விஷயம். எல்லாரும் டிஜிட்டலுக்கு மாறி, ஃபிலிம் கேமராவை யாரும் சீண்டாத காலத்தில் 700 வெள்ளிக்கு வாங்கினேன். கண்ணாடி போட்டவர்களுக்கு வசதியான எச்பி வகை. கல்யாண வேலைக்கு டிஜிட்டல், எனக்காக எடுப்பதற்கு இது என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதற்கு முந்தைய எஃப், எஃப்2 இரண்டும் முன்பக்கம் தட்டையாக இருக்கும். எஃப்3-ல் வலது பக்கம் சின்னதாக ஒரு மேடு, அதன் ஓரமாக நிமிர்ந்து நிற்கும் ஒரு சிவப்புக் கோடு. படத்தில் பார்த்தால் அலங்காரம் போலத் தோன்றும். பத்துமலையில் 272 படி ஏறிவிட்டு, உள்ளங்கையில் வியர்வை ஊறிய நேரத்தில் தூக்கிப் பார்த்தால்தான் அந்த மேட்டின் அருமை தெரியும். நடுவிரல் தானாகப் போய் அங்கே உட்கார்ந்துகொள்ளும். முக்கால் கிலோ எடை இருந்தும் ஒரு கையில் பிடித்து நடக்கலாம். கல்யாண வீட்டில் சந்தனமும் எண்ணெயும் ஒட்டிய விரலோடு பிடித்திருக்கிறேன், ஒரு நாளும் வழுக்கியதில்லை. ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோல் அதைவிடச் சுகம். உள்ளே பால் பேரிங் வைத்திருக்கிறார்கள். பெருவிரல் தொட்டாலே நெய்யில் போவது போலப் போகும்.

அந்த மேட்டையும் கோட்டையும் வரைந்தவர் ஜியோர்ஜெத்தோ ஜுஜாரோ. இத்தாலிக்காரர், 1938-ல் பிறந்தவர். அவர் கார் வரைகிறவர் என்பது எனக்கு வாங்கும்போது தெரியாது. தெரிந்த அன்றைக்குத்தான் என் பெரியப்பாவின் காரும் இந்தக் கேமராவும் ஒரே கையிலிருந்து வந்தவை என்று புரிந்தது. பெரியப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். பழைய ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஒன்று வைத்திருந்தார். 1974-ல் வந்த அந்த முதல் கோல்ஃப் ஜுஜாரோ வரைந்தது. காகிதத்தை மடித்து வைத்தாற்போல நேர்க்கோடுகள், பின்னால் மேலே திறக்கும் கதவு. திருவிழா நாளில் அந்தக் கதவைத் திறந்து முழு வாழைக்குலையைப் படுக்கப் போட்டுக் கோயிலுக்குக் கொண்டுபோவார். அதே நேர்க்கோடுகளைத்தான் எஃப்3-ன் தலைப்பகுதியில் பார்க்கிறேன்.

எஃப்3 கடைக்கு வந்தது 1980-ல். அதே வருடம் வந்ததுதான் அவருடைய ஃபியாட் பாண்டா. அந்தக் காரை நான் ஓட்டியதில்லை, ஆனால் படித்துப் படித்து ஆசைப்பட்டிருக்கிறேன். செலவைக் குறைக்க முன் கண்ணாடி உட்பட எல்லாக் கண்ணாடியும் தட்டை. குழாய்ச் சட்டத்தில் துணி மாட்டிய இருக்கைகள், உறையைக் கழற்றித் துவைக்கலாம். பின் இருக்கை தூளி மாதிரி, விரித்தால் படுக்கை. ஏழை வீட்டுச் சாமானை இப்படி மரியாதையாக வரைய எத்தனை பேருக்கு வரும்? தென்கொரியாவின் ஹியுண்டாய் போனி, பிரிட்டனின் லோட்டஸ் எஸ்ப்ரி, நெக்கி தையல் மெஷின் எல்லாம் அவருடையவை. ஒரு தடவை பாஸ்தாவைக்கூட வரைந்தார். குழம்பு நன்றாகப் பிடிக்கும் என்று வளைத்து மடித்த வடிவம். எல்லா இடமும் ஒரே சீராக வேகவில்லை என்று பெயர் வாங்கியது. நம் மலேசியக் கார் நிறுவனம் புரோட்டோன் 2010-ல் ஜெனிவா கண்காட்சிக்கு எடுத்துப்போன எமாஸ் மாதிரிக் கார்களும் அவர் ஆரம்பித்த இத்தால்டிசைன் நிறுவனத்தின் வேலைதான். அவை ரோட்டுக்கு வரவில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்.

இவ்வளவு சொல்லிவிட்டேன். இனி அந்தப் பொத்தான்.

எஃப்3-ல் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் ஷட்டர் வேகத்தை, அதாவது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதை, ஒரு எல்சிடி எண் காட்டும். எல்சிடி தானாக ஒளிராது, வெளி வெளிச்சம் பட்டால்தான் எண் தெரியும். இருட்டில் பார்ப்பதற்காக ஒரு குட்டி விளக்கு வைத்திருக்கிறார்கள். அதை எரிய வைக்க வியூஃபைண்டர் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். அரிசி மணி அளவுதான் இருக்கும். விரலின் சதை அதைத் தொடாது, நகத்தால் குத்த வேண்டும். அழுத்தமாகக் குத்த வேண்டும். கையை எடுத்தால் விளக்கு அணைந்துவிடும். கண்ணைக் கேமராவில் வைத்தபடி, ஒரு கை லென்ஸிலும் ஒரு கை ஷட்டரிலும் இருக்க, அதைத் தேடிப் பிடிப்பதற்குள் எதிரே நடந்தது முடிந்திருக்கும்.

தௌக்கேயிடம் இதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். தன் கட்டை விரல் நகத்தால் இரண்டு தடவை குத்திப் பார்த்தார். "இனி மெமாங் மாச்சாம் இனி லா" என்றார் மலாயில். இது பிறந்ததிலிருந்தே இப்படித்தான், பழுது இல்லை என்று அர்த்தம்.

நியாயமாகவும் பேச வேண்டும். எல்சிடிக்கு மின்சாரம் மிகக் குறைவாகப் போதும். அதனால்தான் இரண்டே இரண்டு பொத்தான் பேட்டரியில் இந்தக் கேமரா மாதக்கணக்கில் ஓடுகிறது. 1982-ல் வந்த நிக்கானின் இன்னொரு கேமரா எஃப்எம்2-வில் எல்இடி இருக்கிறது, இருட்டில் தானே பளிச்சென்று தெரியும். ஆனால் அது எண்ணைக் காட்டாது, வெளிச்சம் அதிகம், குறைவு, சரி என்பதற்குக் கூட்டு, கழி, வட்டம் என்று மூன்று குறிதான். எஃப்3 வந்த புதிதில் பேட்டரியை நம்பிய கேமராவை எப்படி நம்புவது என்று பத்திரிகைப் படக்காரர்கள் தயங்கினார்கள். அவர்களுக்காகப் பேட்டரி செத்தாலும் ஒரு படமாவது எடுக்க, 1/60 நொடியில் இயங்கும் தனி நெம்புகோல் வைத்தார்கள். அந்த ஆபத்தை யோசித்தவர்கள் இந்த இருட்டை யோசிக்கவில்லையே என்பதுதான் என் ஆத்திரம். விளக்கு வேண்டும் என்று தெரிந்து விளக்கும் வைத்துவிட்டு, அதற்கு வாசலை எறும்புக்கு வைத்தது போல வைத்திருக்கிறார்கள். அதுவும் 20 வருடத்துக்கு மேல் தயாரிப்பில் இருந்த கேமரா. நடுவில் எஃப்4 வந்தது, எஃப்5 வந்தது. இந்தப் பொத்தான் அப்படியே இருந்தது.

கார் வரைகிறவர் கைபட்ட சாமானில் இப்படி இருக்கிறதே என்பதுதான் தாங்கவில்லை. பெரியப்பா இரவில் கோல்ஃப் ஓட்டும்போது விளக்கு விசையை ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. ரோட்டைப் பார்த்தபடியே கை போகும், தட்டும், வரும்.

இந்த இடத்தில் எனக்குப் பியோ மன்சூ நினைவுக்கு வருகிறார். அவரும் இத்தாலிக்காரர், சிற்பி ஜாக்கோமோ மன்சூவின் மகன். ஃபியாட் 127 அவர் வரைந்த கார். மேசைக் கடிகாரமும் செய்தார். 1969-ல், 30 வயதில், தூரினுக்குக் காரில் போகும்போது விபத்தில் இறந்துவிட்டார். 127 ரோட்டுக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. அவர் விட்டுப்போன ஒரு விளக்கு யோசனையை இன்னொரு இத்தாலிய வடிவமைப்பாளர் அக்கீலே காஸ்தில்யோனி எடுத்து முடித்தார். அதுதான் பாரென்தேசி. கூரைக்கும் தரைக்கும் நடுவே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி, அதில் அடைப்புக்குறி மாதிரி வளைந்த குழாய், அதில் ஒரு பல்பு. கையால் மேலே தள்ளினால் மேலே நிற்கும், கீழே இழுத்தால் கீழே நிற்கும். திருகாணி எதுவும் வேண்டாம், உராய்வே பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் கைக்கு இப்படிக் கீழ்ப்படிய வேண்டும். வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியும் அப்படித்தான் யோசித்தார். நான் படித்த தமிழ்ப்பள்ளியில் சோதனைத்தாள் ஓட்டியது கெஸ்டெட்னர் நகல் மெஷினில். 1929-ல் அந்த மெஷினுக்குக் களிமண்ணில் புது உடம்பு செய்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களில் ஆபீஸில் நடப்பவர் தடுக்கி விழுவார் என்று அவற்றை உள்ளே இழுத்தவர் லோவி. பின்னால் ஸ்டுட்பேக்கர் அவந்தி காரைத் தந்ததும் அவர்தான். ஒரு காலை உள்ளே இழுக்க ஒருவருக்குத் தோன்றியது. ஒரு பொத்தானைக் கொஞ்சம் வெளியே தள்ள இங்கே யாருக்கும் தோன்றவில்லை.

இந்த வருடத் தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால், இரவு. ஜாலான் துன் எச்.எஸ். லீயில் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பிவிட்டது. உள்ளே 400 ஃபிலிம், 50 மில்லி லென்ஸ். ரதம் முழுக்க பல்பு வெளிச்சம் என்பதால் லென்ஸின் துவாரத்தை 5.6-க்குச் சுருக்கி வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு இடது பக்கம், வெளிச்சம் எட்டாத ஓரத்தில், ஒரு தாத்தா பேத்தியை இரண்டு கையிலும் தூக்கினார். கைக்குழந்தை. ரதத்தின் மேலே இருக்கும் ஐயரிடம் கொடுக்கத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார். குழந்தை அழவில்லை, அவர் முகத்தையே பார்த்தது. திரும்பினேன். வியூஃபைண்டருக்குள் எண் கறுப்பு. நகத்தால் பொத்தானைத் தேடினேன், கிடைக்கவில்லை. மறுபடி தேடினேன். அதற்குள் குழந்தை மேலே போய்விடும் என்று பயந்து அப்படியே அழுத்தினேன். ஷட்டர் திறந்து மூடிய சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கால் நொடி இருக்கும், அசைகிற முகம் அதில் கலங்கிவிடும். எண்ணைப் பார்த்திருந்தால் லென்ஸை 1.4-க்கு அகலமாகத் திறந்திருப்பேன், இரண்டே நொடி வேலை.

நேற்று ஸ்கேன் வந்தது. தாத்தாவின் கைகள் இருக்கின்றன. குழந்தையின் முகம் வெள்ளைக் கோடாக இழுபட்டிருக்கிறது.

ஸ்கேனைப் பார்த்த கையோடு அக்கா மகனுக்குப் பதில் போட்டேன்: வாங்காதே. நீ எடுப்பதெல்லாம் ராத்திரி பசாரும் கோயில் திருவிழாவும். ஒரு சுருள் ஃபிலிம் 60 வெள்ளிக்கு விற்கிற காலத்தில் இருட்டில் குத்துமதிப்பாக எடுத்துப் பழகாதே. எஃப்எம்2 தேடு. பிடிக்க இவ்வளவு சுகமாக இருக்காது, ஆனால் குறி தெரியும்.

அப்படியும் மனசு கேட்காவிட்டால், விற்கிறவரைப் பகலில் பார்க்காதே. ஏழரை மணிக்கு மேல், நன்றாக இருட்டிய பிறகு போ. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பார்க்காமல், அந்தப் பொத்தானைப் பத்து தடவை அழுத்து. எத்தனை தடவை விளக்கு எரிந்தது என்று எண்ணி எனக்குச் சொல்.

என்னுடையது ரிப்பேர் முடிந்து டிரை கேபினட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் சிநேகிதர் மகள் கல்யாணம். காலை முகூர்த்தம், மண்டபத்தில் பெரிய பெரிய ஜன்னல். எடுத்துக்கொண்டு போகிறேன்.