பெரியவர்கள் நம்மோடா, தனியாகவா?

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார அமைப்பு கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்த பிறகு, பல வீடுகளில் எழுந்த கேள்வி இது.

தனியாக இருந்தால் தொற்றும் வாய்ப்பு குறைவு, சந்தேகமில்லை. ஆனால் மாத்திரை தீர்ந்ததா, இரவில் தடுமாறி விழுந்தார்களா என்று யார் பார்ப்பது? வீடியோ அழைப்பில் எல்லோரும் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் சொல்வார்கள்.

ஒரே வீட்டில் துணை உண்டு, பேரப்பிள்ளைகளின் சத்தமும் உண்டு (அது வரமா தொல்லையா என்பது நாளைப் பொறுத்தது). சிக்கல் என்னவென்றால், அறிகுறி தெரியும் முன்பே கிருமி பரவிவிடும். ஜன்னலைத் திறந்து வைக்கவும், வெளியே போய்வருபவர் தனி அறையில் தூங்கவும், வீட்டுக்குள்ளும் முகக்கவசம் போடவும் முடியுமானால் என் ஓட்டு ஒரே வீட்டுக்குத்தான். இருப்பதே ஓர் அறை என்றால், தனியே இருப்பது மேல்.