விடிய ஸ்கூல் வான் ஏறுற பிள்ளைக்கு பாணா, இடியப்பமா, பயறா?

கொழும்பில சின்ன வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடுகள்ல காலமை நேரம் எப்பிடிப் போகும் எண்டு சொல்லத் தேவையில்லை. ஸ்கூல் ஏழரைக்கு, ஆனா வான் ஆறு, ஆறேகாலுக்கே வந்து ஹோர்ன் அடிக்கும், கொட்டாஞ்சேனையிலயிருந்து பம்பலப்பிட்டிப் பக்கம் போற பிள்ளையெண்டா இன்னும் வெள்ளன. அந்த நேரத்தில ஆறு வயசுப் பிள்ளைக்குப் பசிக்கவே பசிக்காது, பிறகு இன்டர்வல் பத்து பத்தரைக்குத்தான். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டிட்டுப் படுத்த பிள்ளை அடுத்த நாள் பத்தரை மட்டும் ஒண்டும் திங்காம இருந்தா பதினாலரை மணித்தியாலம் வெறும் வயிறு. பெரியாக்கள் நாங்கள் தாங்குவம். சின்னதுகளுக்கு ஈரல்ல சேர்த்து வைக்கிற குளுக்கோஸ் எங்களை விடக் குறைவு, மூளையோ கேக்கிறது கூட: 2014இல வந்த ஒரு ஆய்வின்படி அஞ்சு வயசளவில ஒரு நாளைக்குத் தேவையான மொத்தச் சக்தியில கிட்டத்தட்ட 43 சதவீதத்தை மூளையே எடுக்குது. அதனால காலமைச் சாப்பாடு குடுக்கிறதா விடுறதா எண்டு யோசிக்க ஒண்டுமில்லை, எதைக் குடுக்கிறது எண்டதுதான் கதை.

முதல்ல பாண். கடையில வாங்கி, ஜாம் பூசி, ரெண்டா மடிச்சு கையில குடுத்தா வானுக்குள்ளயே சாப்பிட்டு முடிச்சிடும், வேலைக்குப் போற அம்மாமாருக்கு இதை விட லேசு வேறயில்லை. ஆனா வெள்ளை மா கெதியாச் செமிச்சிடும், ஜாமில இருக்கிறது சீனி, ரத்தத்தில குளுக்கோஸ் மளமளவெண்டு ஏறி அதே வேகத்தில இறங்க, ஒன்பது ஒன்பதரைக்கெல்லாம் பிள்ளை திரும்பப் பசியில இருக்கும். அதோட பிளேன்டியும் குடுக்கிற வீடுகள் இருக்குது, தயவு செய்து அதை நிப்பாட்டுங்கோ, தேயிலை சாப்பாட்டில இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில சேர விடாது, இரும்பு குறைஞ்ச பிள்ளைக்கு வகுப்பில கவனமும் நிக்காது. அதே பாணுக்குள்ள ஒரு முட்டையைப் பொரிச்சு வச்சா கதை வேற, ஒரு முட்டையில 6 கிராமளவு புரதம் இருக்குது, வயிறு கனநேரம் தாங்கும். முந்தின நாள் பருப்புக்கறி மிச்சமிருந்தா அதையும் தடிப்பாப் பூசலாம்.

இடியப்பம் எங்கட ஆக்களுக்குப் பிடிச்சது, மெதுவா இருக்கிறபடியா நித்திரைத் தூக்கத்திலயும் பிள்ளை விழுங்கும், வெள்ளவத்தைப் பக்கமெண்டா அவிக்கவும் தேவையில்லை, கடையிலயே வாங்கலாம். ஆனா கொஞ்சம் கிட்ட நிண்டு பாருங்கோ, பிள்ளை சம்பலை ஒதுக்கிப் போட்டு சொதியில ஊறின மூண்டு இடியப்பத்தைத்தான் சாப்பிடும், அதுக்குள்ள இருக்கிறது அரிசி மாவும் தேங்காய்ப்பாலும், புரதம் எண்டு சொல்ல பெரிசா ஒண்டுமில்லை. சிவப்பரிசி மா கொஞ்சம் திறம். சொதிக்குள்ள அவிச்ச முட்டையை மசிச்சு விடுங்கோ, இல்லாட்டி சொதிக்குப் பதிலா பருப்பு, அப்ப பாண்-ஜாமை விட எவ்வளவோ மேல.

என்னைக் கேட்டா பச்சைப் பயறுதான் முதலிடம். காய்ஞ்ச பயறு 100 கிராமில 24 கிராமளவு புரதம், நார்ச்சத்தும் நல்லா இருக்குது, மெல்ல மெல்லச் செமிக்கும். ராத்திரி ஊறப் போட்டிட்டுப் படுத்தா விடிய குக்கரில ரெண்டு விசில் போதும், கூட விட்டா களியாப் போயிடும், இறக்கி உப்பும் தேங்காப்பூவும் போட்டுப் பிரட்டினா சரி. விலை கூடவா இருந்தா கௌபி, கடலை. ஆனா கடலையை முதலாம் வகுப்புப் பிள்ளை அரை மணித்தியாலம் வாயில வச்சுச் சப்பிக்கொண்டிருக்கும், வான் நிக்காது, நாலு அஞ்சு வயசுக்கு முழுக்கடலை தொண்டையில சிக்குற பயமும் இருக்குது, மசிச்சுத்தான் குடுக்கோணும். பயறு பிடிக்காத பிள்ளைக்கு பயறு போட்ட பாற்சோறு செய்து பாருங்கோ, சிங்கள ஆக்கள்ற முங் கிரிபத் மாதிரி, சின்னத் துண்டா வெட்டிக் கையில குடுக்கலாம். மெல்லச் செமிக்கிற சாப்பாடு உதவும் எண்டது சும்மா கதையில்லை, 2005இல அமெரிக்காவில ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓட்ஸ், இனிப்பு சீரியல், ஒண்டுமில்லை எண்டு மாத்தி மாத்திக் குடுத்துப் பார்த்த சின்ன ஆய்வொண்டில ஞாபக சக்திச் சோதனைகள் சிலதில ஓட்ஸ் சாப்பிட்ட நாள்ல நல்லாச் செய்திருக்குதுகள்.

மால்ட்டும் மாரி பிஸ்கட்டும் சீனிதான் கூட, பால் சேர்றபடியா வெறும் வயித்துக்கு இது மேல, அவ்வளவுதான். கொலகெந்த எண்ட இலைக்கஞ்சி நல்ல சாமான், வல்லாரையோ சாத்தாவாரியோ போட்டது, கித்துள் கருப்பட்டி ஒரு துண்டைக் காட்டினா சில பிள்ளைகள் குடிக்கும், ஆனா ஒரு கப்போட பத்தரை மட்டும் போகாது.

இனி வீட்டிலயா ஸ்கூலிலயா எண்ட கேள்வி. ஜமேக்காவில கிராமப்புற ஸ்கூல்கள் 16இல 814 பிள்ளைகளை ரெண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்கூலில காலமைச் சாப்பாடும் மற்றதுக்கு கால்வாசித் தோடம்பழமும் ஒரு வருசம் குடுத்துப் பார்த்தவை, 1998இல முடிவு வந்தது. சாப்பிட்ட பிள்ளைகள் ஸ்கூலுக்கு வந்த நாள் கொஞ்சம் கூடினது, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு கணக்குப் புள்ளியும் ஏறினது. அதே நாட்டில இன்னொரு ஆய்வில, ஒழுங்கா வசதியிருக்கிற ஸ்கூலில சாப்பிட்ட பிள்ளைகள் பாடத்தில கூடக் கவனமா இருந்ததுகள், நெரிசலும் வசதிக்குறைவுமான ஸ்கூல்கள்ல சாப்பிட்ட பிறகு குழப்படிதான் கூடினது. சாப்பாடு போட்டா மட்டும் புள்ளி வராது, வகுப்பும் வகுப்பு மாதிரி இருக்கோணும். இன்னொண்டு, ஏற்கெனவே ஊட்டம் குறைஞ்ச பிள்ளையைத்தான் காலமைப் பட்டினி கூடப் பாதிக்கும், 2022இல விலை ஏறி சாப்பாட்டைக் குறைச்ச வீடுகளை நினைச்சா எனக்கு அதுதான் முதல்ல மனசுக்கு வரும்.

அதனால நான் சொல்றது காலமைச் சாப்பாட்டை ரெண்டாப் பிரிக்கச் சொல்லி. அஞ்சே முக்காலுக்கு ஒரு கதலி வாழைப்பழமும் அரைக் கிளாஸ் பாலும், பயறோ முட்டைப் பாணோ பெட்டிக்குள்ள. ஆனா அந்தப் பெட்டியை பத்தரைக்குத்தான் திறக்கலாமெண்டா பிரயோசனமில்லை, வான் பிள்ளைகள் கன பேர் ஏழு மணிக்கே வந்து வாங்கில சும்மா இருக்குதுகள், பெல் அடிக்க முந்தி பத்து நிமிசம் சாப்பிட விடுங்கோ எண்டு அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில வகுப்பு டீச்சரிட்ட கேளுங்கோ, நாலு அம்மாமார் சேர்ந்து கேட்டா இன்னும் நல்லது.